டிக்கிக்குள் ஒரு டெலிபோன்

1980களின் நடுவில், அமெரிக்க நகரம் ஒன்றின் கார் நிறுத்துமிடம். வரிசையாக நிற்கும் கார்களில் ஒன்று திடீரென்று ஹாரன் அடிக்கிறது. உள்ளே ஆள் இல்லை. கண்ணாடியை யாரும் உடைக்கவுமில்லை. காருக்கு போன் வந்திருக்கிறது, அவ்வளவுதான். சொந்தக்காரர் எதிர்க்கடையில் காபி குடித்துக்கொண்டிருப்பார். ஓடிவந்து கதவைத் திறந்து ரிசீவரை எடுத்தால் பேசலாம். அதற்குள் நின்றுபோனால் போனதுதான். காரில் பொருத்திய போன்களில் இப்படியொரு வசதி இருந்தது: மணியடிக்கும்போது ஹாரனையும் சேர்த்து அலறவைக்கலாம். டெலிபோன் எண் வண்டிக்குக் கொடுத்தது. எனவே வண்டிதான் முதலாளியைக் கூப்பிட வேண்டியிருந்தது.

கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்குத் தாய்வீடு அந்த ஹாரன் அடித்த கார்தான். போன் ஒருநாள் காருக்குள் ஏறி உட்கார்ந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வரலாறு எதிர்த்திசையில் ஓடியது. காரிலிருந்து இறங்கி நடக்கப் பழகியதுதான் செல்போன். மோட்டரோலா என்ற பெயரையே பாருங்கள். 1930-இல் கார் ரேடியோ விற்கக் கிளம்பிய ஒரு சிகாகோ கம்பெனி, 'மோட்டார்' என்ற சொல்லோடு அக்கால இசைப்பெட்டிகளின் பெயர்களில் வரும் 'ஓலா' என்ற வாலை ஒட்டிச் செய்த பெயர் அது.

அதற்கும் இருபது ஆண்டு முன்பு, ஸ்வீடனில் லார்ஸ் மாக்னஸ் எரிக்சன் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றுப் பண்ணைவீட்டில் இருந்தார். அவருடைய காரில் 1910 வாக்கில் ஒரு டெலிபோன் இருந்ததாகச் சொல்வார்கள். ரேடியோ இல்லை. வழியில் வண்டியை நிறுத்தி, அவரும் மனைவி ஹில்டாவும் நீண்ட கழிகளின் நுனியில் இருந்த கொக்கிகளைச் சாலையோரத் தொலைபேசிக் கம்பிகளில் மாட்டுவார்கள். பிறகு எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுவார்கள். நம்மூரில் கரண்டு கம்பியில் கொக்கி போடுகிற அதே கலை. என்ன, இவர் அந்த டெலிபோன்களைச் செய்து விற்ற மனிதர்.

உண்மையான கார் போன் சேவை 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கியது. நடத்தியது பெல் நிறுவனக் குடும்பம். கருவியின் எடை சுமார் 36 கிலோ. டிக்கியில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். ஓட்டுநர் பக்கத்தில் ரிசீவரும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மட்டும்தான் தெரியும். வெப்பத்தைக் கக்கும் வால்வுகளும் அவற்றுக்கான மின்சார ஏற்பாடும் பின்னால் ஒளிந்திருக்கும். ரிசீவரில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. எண்ணைச் சுழற்றும் வழியில்லை. ஆபரேட்டர் பெண்ணிடம் சொல்ல வேண்டும். மாத வாடகை 15 டாலர், ஒவ்வொரு அழைப்புக்கும் தனிக் கட்டணம்.

நகரத்தின் நடுவே உயரமான கட்டடத்தின் மேல் ஒரு பெரிய டிரான்ஸ்மிட்டர் இருந்தது. அதன் குரல் ஊர் முழுக்கக் கேட்கும். கார்களின் குரல் அவ்வளவு பலமாக இருக்காது என்பதால் அவற்றைக் கேட்க மட்டும் நகரின் பல மூலைகளில் ரிசீவர்களை வைத்தார்கள். இதில் பெரிய சிக்கல் எங்கே இருந்ததென்றால், கிடைத்த அலைவரிசைத் தடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. ஒரு நகரத்தில் ஒரே நேரத்தில் மூன்று பேர் பேசலாம். நான்காமவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் மற்ற மூவர் பேசுவதையும் கேட்கலாம், அது தனி ருசி! 1960களின் நடுவில் ஆபரேட்டர் இல்லாமல் தானே எண் சுழற்றும் வசதி வந்தது, பேசிக்கொண்டே கேட்கவும் முடிந்தது. ஆனாலும் நியூயார்க் போன்ற நகரத்துக்கே ஒரு டஜன் தடங்கள்தான். இணைப்பு வாங்கவே நீண்ட வரிசை. 1954-இல் வந்த 'சப்ரினா' திரைப்படத்தில் கோடீஸ்வரராக வரும் ஹம்ஃப்ரி போகார்ட் காரின் பின்சீட்டிலிருந்து டெலிபோனில் பேசுவார். அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று காட்ட இயக்குநருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

இந்தப் பஞ்சத்துக்கான மருந்து, செயின்ட் லூயிஸ் சேவை தொடங்கி ஒன்றரை ஆண்டுக்குள், 1947 டிசம்பரில் எழுதியாகிவிட்டது. பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் ரிங் என்ற பொறியாளர், சக ஊழியர் ரே யங்கின் உதவியோடு எழுதிய உள்குறிப்பு அது.

அதன் கருத்தை நம்மூர் ஆடி மாதத்தை வைத்துச் சொல்லிவிடலாம். ஊர்க்கோடி அம்மன் கோயில் கோபுரத்தில் ராட்சதக் குழாய் ஒன்றைக் கட்டிப் பாட்டுப் போட்டால் ஊர் முழுக்க அந்த ஒரு பாட்டுத்தான். வேறு யாரும் வேறு பாட்டுப் போட வழியில்லை. அதற்குப் பதிலாகத் தெருவுக்கு ஒரு சின்னக் குழாய் கட்டி, ஒலியை அந்தத் தெரு எல்லையோடு நிற்கும்படி குறைத்துவைத்தால்? பக்கத்துத் தெருவில் வேறு பாட்டு ஓடட்டும். நான்கு தெரு தள்ளி மறுபடி முதல் பாட்டையே போட்டாலும் குழப்பம் வராது. ரேடியோவிலும் அதேதான். ஊருக்கு ஒரு பெரிய டவருக்குப் பதில் பல சின்ன டவர்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை, தேன்கூட்டின் அறைபோல. அதைத்தான் 'செல்' என்றார்கள். அடுத்தடுத்த செல்களில் வேறு வேறு தடங்கள். கொஞ்ச தூரம் தள்ளி அதே தடங்கள் மறுபடியும். கையில் இருப்பது ஒரே சீட்டுக்கட்டு, ஆனால் அதையே ஊர் முழுக்க மறுபடி மறுபடி விளையாடலாம்.

காகிதத்தில் எளிது. ஆனால் கேட்பவர் ஒரு காரில் இருக்கிறாரே! நிமிடத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடும் கார் ஒரு தெருவின் பாட்டு முடிவதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அப்போது பேச்சு அறுந்துவிடக் கூடாது. பழைய டவரிலிருந்து புதிய டவருக்கு, பழைய தடத்திலிருந்து புதிய தடத்துக்கு, பேசுகிறவருக்குத் தெரியாமல் அழைப்பைக் கைமாற்ற வேண்டும். செல்லுலார் என்று நாம் சொல்கிற தொழில்நுட்பத்தின் உயிர் அறுகோண வரைபடத்தில் இல்லை, இந்தக் கைமாற்றத்தில் இருக்கிறது. நடந்து போகிறவருக்கு இது பெரிய தேவையே இல்லை. தொடக்க காலச் செல் ஒன்றின் குறுக்களவு 25 கிலோமீட்டர் வரை இருந்தது. மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் அதைத் தாண்ட 5 மணி நேரம் ஆகும். அத்தனை நேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்காக யாரும் கோடிக்கணக்கில் செலவழித்துக் கம்ப்யூட்டர் வாங்க மாட்டார்கள். காருக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். கைமாற்றம் கார் கேட்ட வரம்.

அதைச் செய்ய 1947-இல் கருவி இல்லை. டிரான்சிஸ்டர் அந்த டிசம்பரில்தான், அதே பெல் ஆய்வகத்தில், முதல்முறையாக வேலை செய்துகாட்டியது. தானாக நூற்றுக்கணக்கான தடங்களுக்குத் தாவும் ரேடியோவும், ஊர் முழுவதையும் மேற்பார்க்கும் கம்ப்யூட்டரும் வர இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. நடுவில் ரயிலில் ஒரு ஒத்திகை நடந்தது. 1969-இல் நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஓடிய மெட்ரோலைனர் ரயிலில் காசு போட்டுப் பேசும் போன்களை வைத்தார்கள். 360 கிலோமீட்டர் பாதையை 9 பகுதிகளாகப் பிரித்து, 6 தடங்களை மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். ரயில் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குள் நுழைவதைத் தண்டவாளத்தோரம் வைத்த உணரிகள் சொல்லிவிடும். ரயில் தண்டவாளத்தை விட்டு எங்கும் போகாது, அதனால் அங்கே பிழைத்தது. கார் எந்தச் சந்திலும் திரும்பும். அதற்கான இணைப்பகத்தைப் பெல் ஆய்வகத்தின் ஏமஸ் ஜோயல் வடிவமைத்தார். 1972-இல் காப்புரிமை கிடைத்தது.

'ஆம்ப்ஸ்' என்று பெயரிட்ட அந்த அமைப்பு எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு நகரத்தில் சேவை தரும் இரண்டு போட்டி நிறுவனங்களுக்குமாக 666 தடங்கள், ஆளுக்கு 333. அதில் 21 தடங்கள் பேசுவதற்கு அல்ல, கட்டளைகளுக்கு. மீதி 312-ஐ 7 செல்கள் கொண்ட கூட்டத்துக்குப் பங்கிட்டால் செல்லுக்கு சுமார் 45. நகரத்துக்கே 12 என்றிருந்த இடத்தில் ஒவ்வொரு செல்லுக்கும் 45! கூட்டம் கூடினால் செல்லைப் பிளந்து இன்னும் சிறியதாக்கிக்கொள்ளலாம்.

காரில் சாவியைத் திருப்பியதும் போன் அந்த 21 கட்டளைத் தடங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கும். எது பலமாகக் கேட்கிறதோ அதில் உட்கார்ந்துகொள்ளும். அழைப்பு வந்தால் அந்தத் தடத்தில் வண்டியின் எண்ணைக் கூப்பிடுவார்கள். கார் 'இதோ' என்றதும் பேசும் தடம் ஒன்றைக் கொடுப்பார்கள். பேச்சு நடக்கிறது, கார் ஓடுகிறது. டவர் அந்தக் காரின் சிக்னலை இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கும். குறையத் தொடங்கியதும் மத்திய கம்ப்யூட்டர் சுற்றியுள்ள டவர்களிடம், 'இந்தக் கார் உங்களுக்கு எப்படிக் கேட்கிறது?' என்று விசாரிக்கும். நன்றாகக் கேட்கிறவரிடம் காலியான தடம் ஒன்றை ஒதுக்கச் சொல்லும். பிறகு பழைய தடத்திலேயே பேச்சை ஒரு நொடியின் சிறு பகுதிக்கு ஊமையாக்கி, அந்த இடைவெளியில் 'இனி இந்தத் தடத்துக்குப் போ' என்ற கட்டளையைச் செருகும். போன் தாவும். பேசுகிறவர் காதில் மெல்லிய 'டிக்' ஒன்று விழும். கவனித்துக் கேட்டால் செல் எல்லையைத் தாண்டியது தெரியும். பெரும்பாலோர் கேட்டதே இல்லை.

காசு கட்டிப் பயன்படுத்தும் செல்லுலார் சேவையைத் தொடங்குவதில் ஜப்பான் முந்திக்கொண்டது. டோக்கியோவில் 1979 டிசம்பரில் வந்த சேவை கார்களுக்கானது. அமெரிக்காவில் 1983 அக்டோபர் 13 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்தருகே ஒரு காரிலிருந்து, ஜெர்மனியில் இருந்த கிரஹாம் பெல்லின் வழித்தோன்றல் ஒருவருக்குப் பேசித் தொடங்கிவைத்தார்கள். திறப்புவிழா அழைப்பே காரிலிருந்துதான் போனது.

இதற்கு எதிர்க்கட்சி ஒன்று இருந்தது. மோட்டரோலாவின் மார்ட்டின் கூப்பர் 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் நடைபாதையில் நின்று, ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கைக்கருவியிலிருந்து பெல் ஆய்வகத்தின் ஜோயல் எங்கலையே கூப்பிட்டு வெறுப்பேற்றினார். மனிதர்கள் பேச விரும்புவது மனிதர்களோடு, ஏன் ஒரு வண்டியைக் கூப்பிட வேண்டும் என்பது அவர் வாதம். காலம் அவர் பக்கம் சாய்ந்ததால் பெல் பொறியாளர்களைத் தொலைநோக்கு இல்லாதவர்களாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைய இயற்பியல் அவர்கள் பக்கம்தான் இருந்தது. பேட்டரி, ஆன்டெனா, ஆற்றல் என்ற மூன்றிலும் காருக்கு முன் கைபேசி நிற்கவே முடியாது. 1984-இல் கடைக்கு வந்த கூப்பரின் கைபேசி 3,995 டாலர். அரை மணி நேரம் பேசினால் பேட்டரி தீர்ந்தது, ஏற்றப் பத்து மணி நேரம்.

முதலில் ஆற்றல். கார் போன் 3 வாட்டில் பேசும். கைபேசிக்கு 0.6 வாட், தலையோடு ஒட்டிவைத்துப் பேசுவதற்கும் குட்டி பேட்டரிக்கும் அதுதான் கட்டுப்படியாகும். ஐந்து மடங்கு வித்தியாசம். ஆனால் ஐந்து மடங்கு தூரம் போகுமா என்றால் போகாது. நகரச் சாலைகளில் ரேடியோ அலை தரையிலும் கட்டடங்களிலும் பட்டுத் தேய்ந்துபோவதால், தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் ஏறக்குறைய பதினாறில் ஒன்றாகிவிடும். கணக்குப் போட்டால் ஐந்து மடங்கு ஆற்றலுக்குக் கிடைப்பது ஒன்றரை மடங்கு தூரம். சின்ன லாபம் மாதிரித் தெரியும். ஒன்றரை மடங்கு ஆரம் என்றால் இரண்டு மடங்குக்கு மேல் பரப்பளவு. டவர்கள் அரிதாக நின்ற காலத்தில் நெடுஞ்சாலையில் பேச முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள வித்தியாசம் அது.

அடுத்தது ஆன்டெனா. 850 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 35 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு, 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு கம்பி, நல்ல ஆன்டெனா. ஆனால் கால்பங்குக் கம்பி தனியாக நின்றால் பாதி ஆள். அதற்குக் கீழே ஒரு உலோகத் தளம் வேண்டும். அசையாத குளத்தின் கரையில் நிற்கும் தென்னை தண்ணீரில் தலைகீழாகத் தெரிகிறதல்லவா? அதுபோல உலோகத் தளத்துக்கு அடியில் கம்பிக்கு ஒரு மின்பிம்பம் உண்டாகிறது. கம்பியும் பிம்பமும் சேர்ந்து அரை அலைநீளமுள்ள முழு ஆன்டெனாவாக வேலை செய்கின்றன. காரின் கூரையைவிட நல்ல உலோகக் குளம் வேறெங்கே கிடைக்கும்? கூரையின் நடுவில் துளையிட்டு நட்ட கம்பி எல்லாத் திசையிலும் சமமாக, அடிவானத்தை ஒட்டி அலையை அனுப்பும்.

புதுக் காரின் கூரையில் துளைபோட எவருக்கு மனம் வரும்? அதனால் பின்கண்ணாடியில் ஒட்டும் ஆன்டெனா வந்தது. கண்ணாடிக்கு உள்ளே ஒரு உலோகத் தகடு, வெளியே ஒன்று; நடுவில் கண்ணாடி. இரண்டு தகடும் இடையில் மின்கடத்தாப் பொருளும் என்றால் மின்தேக்கி. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கண்ணாடியைத் துளைக்காமலே கடந்துவிடும். அந்தக் கம்பியின் நடுவில் பன்றிவால்போல ஒரு சுருள் இருக்கும். கம்பியின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒத்த தாளத்தில் அலையை அனுப்பும்படி மின்னோட்டத்தைத் தாமதப்படுத்துவது அதன் வேலை. இயற்பியல் அறியாத உலகத்துக்கு அந்தச் சுருள் வேறொன்றைச் சொன்னது: இந்த வண்டிக்காரன் பணக்காரன். போனே இல்லாமல் வெறும் சுருள் கம்பியை மட்டும் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டவர்களும் உண்டு. அதற்கென்றே போலி ஆன்டெனா விற்றார்கள்.

கைபேசியைக் காருக்குள் கொண்டுவந்தால் இந்த வசதிகள் அத்தனையும் போய், உலோகக் கூண்டுக்குள் அடைத்த கிளியாகிவிடும். ஜன்னல்கள் அலைநீளத்தைவிடப் பெரியவை என்பதால் சிக்னல் முற்றிலும் அற்றுப்போகாது. பலவீனமாக உள்ளே வரும். வெயிலைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடி என்றால் இன்னும் மோசம். இன்றும் கூரையில் சுறாத்துடுப்பு மாதிரி ஒன்றைச் சுமந்துகொண்டு போகும் கார்களைப் பார்க்கிறோம். 1983-இன் கூரைக் கம்பியின் பேத்தி அது.

ஓடும் காருக்கு மட்டும் வரும் ஒரு வியாதியையும் சொல்ல வேண்டும். டவரிலிருந்து வரும் அலை ஒரே பாதையில் வருவதில்லை. கட்டடம், பாலம், எதிரே வரும் லாரி எல்லாவற்றிலும் மோதிப் பல பாதைகளில் வருகிறது. சில இடங்களில் அவை ஒன்றுக்கொன்று கைகொடுக்கும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். செத்த இடங்களுக்கு இடையே தூரம் ஏறக்குறைய அரை அலைநீளம், அதாவது 18 சென்டிமீட்டர். நிற்கும் மனிதன் ஓரடி நகர்ந்து தப்பித்துவிடுவான். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் கார் நொடிக்கு 28 மீட்டர் கடப்பதால், நொடிக்கு 150 தடவைக்கு மேல் அந்தக் குழிகளில் விழுந்து எழும். கம்பி வேலியோரம் வண்டியில் போகும்போது அந்தப்பக்கத்து வெயில் கண்ணில் வெட்டி வெட்டி அடிக்குமே, காதுக்கு அதே கதி. இதைச் சமாளிக்கவே ஆம்ப்ஸ் தன் கட்டளைகளை ஒருமுறை சொல்லி நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் சொன்னது. குழியில் விழுந்த சொல் போகட்டும், மீதியை வைத்து ஓட்டெடுத்து உண்மையைக் கண்டுபிடித்துவிடலாம். பின்னால் வந்த டிஜிட்டல் முறைகளின் பிழைதிருத்தும் கணிதமும் இதே எதிரியோடு போராடப் பிறந்ததுதான்.

ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு கியர் மாற்ற முடியாது என்பதால் ஒலிபெருக்கியும் மைக்கும் வந்தன. கண்ணாடி ஓரத்திலோ கூரையிலோ மைக். இங்கே ஒரு பேய் புகுந்தது: எதிரொலி. உங்கள் மனைவி வீட்டிலிருந்து 'எங்க இருக்கீங்க?' என்கிறார். அது கார் ஒலிபெருக்கியில் ஒலித்து, கண்ணாடிகளில் மோதி, மைக்கில் நுழைந்து அவருக்கே திரும்பிப் போகிறது. டிஜிட்டல் செல்போனில் போய்வர ஐந்தில் ஒரு நொடி ஆகும். தன் குரலே அவ்வளவு தாமதமாகத் திரும்பி வந்தால் யாருக்கும் நாக்குக் குழறும். தொடக்கத்தில் ஒரு முரட்டு வைத்தியம் செய்தார்கள்: அவர் பேசும்போது உங்கள் மைக்கை மூடிவிடுவது. இருவரும் சேர்ந்து பேசினால் சொற்கள் பாதியில் வெட்டுப்படும்.

நல்ல வைத்தியம் கணிதத்தில் கிடைத்தது. ஒலிபெருக்கிக்குப் போகும் குரல் என்னவென்று கருவிக்கு முன்கூட்டியே தெரியும். காரின் உட்புறம் அந்தக் குரலை எப்படி உருமாற்றி மைக்கிடம் கொடுக்கும் என்று ஊகிக்க முடிந்தால், மைக்கில் வந்ததிலிருந்து அந்த ஊகத்தைக் கழித்துவிடலாம். மிஞ்சுவது உங்கள் குரல். ஊகம் தவறினால் கொஞ்சம் எதிரொலி மிஞ்சும். அந்த மிச்சத்தைக் கொண்டே ஊகத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் விட்ரோவும் ஹாஃபும் 1960-இல் சொன்ன கற்றுக்கொள்ளும் வடிகட்டி இதுதான். பெல் ஆய்வகத்தில் மன்மோகன் சோந்தி போன்றவர்கள் அந்தப் பத்தாண்டிலேயே இவ்வகை வடிகட்டியை எதிரொலி ஒழிக்கப் பழக்கினார்கள். காருக்குள் எதிரொலி அடங்க 50 மில்லிநொடி ஆகும் என்று வையுங்கள். நொடிக்கு 8,000 மாதிரிகள் எடுத்தால் 400 எண்கள் கொண்ட ஊகம் தேவை. ஒவ்வொரு மாதிரிக்கும் 400 பெருக்கல், திருத்த இன்னொரு 400. நொடிக்கு 64 லட்சம் பெருக்கல்கள். நீங்கள் ஜன்னலை இறக்கினாலோ பின்சீட்டுக் குழந்தை எழுந்து நின்றாலோ காரின் ஒலியமைப்பே மாறிவிடும். ஊகத்தை மறுபடி கற்க வேண்டும். 'வீட்டுக்கு வர லேட்டாகும்' என்று ஒருவர் சொல்லிமுடிப்பதற்குள் நடக்கும் கணக்கு இது.

கை இரண்டும் ஸ்டீயரிங்கில். கண் சாலையில். பிரச்சினை தீர்ந்ததா?

1997-இல் டொராண்டோவைச் சேர்ந்த ரெடல்மையரும் டிப்ஷிரானியும் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசி'னில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செல்போன் வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பட்டியல்களை விபத்து நேரத்தோடு ஒப்பிட்டார்கள். பேசும்போது விபத்து வாய்ப்பு ஏறக்குறைய 4 மடங்கு. கையில் பிடித்துப் பேசியவர்களுக்கும் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் இடையே பாதுகாப்பில் வேறுபாடு தென்படவில்லை. அந்த 699 பேரில் 39 சதவீதம் பேர் விபத்துக்குப் பிறகு உதவி கேட்கக் கூப்பிட்டதும் தங்கள் செல்போனில்தான். பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு, ஓட்டும் பயிற்சி இயந்திரத்தில் ஆட்களை உட்காரவைத்துப் பார்த்தபோது, போனில் பேசுகிறவர்கள் எதிரே இருப்பதை நேராகப் பார்த்தும் பின்னால் நினைவுகூர முடியாமல் விழித்தார்கள். கண் பார்த்தது, மூளை வாங்கவில்லை.

பக்கத்துச் சீட்டில் இருப்பவரோடு பேசினால் இவ்வளவு மோசமாவதில்லை. அவருக்கும் சாலை தெரிகிறது. லாரி குறுக்கே வந்தால் வாயை மூடுகிறார், 'பாத்துப் போ' என்கிறார். போனில் இருப்பவர் நீங்கள் குறுக்குச் சாலையைக் கடப்பதறியாமல் மளிகைச் சாமான் பட்டியலைச் சொல்லிக்கொண்டே இருப்பார். இந்தியாவில் 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் கையில் பிடித்துப் பேசும் கருவியைத்தான் குறிப்பிடுகிறது. சட்டத்தால் கையைப் பிடிக்க முடிகிறது. கவனத்தை எந்தக் கான்ஸ்டபிள் பிடிப்பார்?

1990களின் இறுதியில் கைபேசி மலிந்து, பொருத்திய கார் போன் அழியத் தொடங்கியது. அழிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் அது டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. 1996-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கேடிலாக் கார்களில் ஆன்ஸ்டாரைக் கொண்டுவந்தது. அதுவும் ஒரு கார் போன்தான். ஏர்பேக் வெடித்தால் தானாகவே ஒரு மையத்தைக் கூப்பிட்டு வண்டி நிற்கும் இடத்தைச் சொல்லும். ஐரோப்பிய ஒன்றியம் 2018 மார்ச் 31 முதல் புதிய ரகக் கார்கள் எல்லாவற்றிலும் இப்படி ஒன்றைக் கட்டாயமாக்கியது. பெயர் 'ஈ-கால்'. மோதியதும் அதுவே 112-ஐக் கூப்பிடும். பேச்சுத் தொடங்குமுன் சில நொடிகள் பழைய ஃபேக்ஸ் இயந்திரம்போலக் கீச்சிட்டு, பேச்சுத் தடத்தின் வழியாகவே வண்டி எண், இடம், எந்தத் திசையில் போனது போன்ற விவரங்களை அனுப்பும்; அதிகபட்சம் 140 பைட். இணையம் இருக்க எதற்குக் கீச்சுக்குரல் என்று தோன்றும். அந்நிய நாட்டில், வேறு நிறுவனத்தின் டவருக்கு அடியில், நெரிசலான நேரத்தில், எதையும் தள்ளிக்கொண்டு போகும் உரிமை அவசரக் குரல் அழைப்புக்குத்தான் இருந்தது. மற்ற நேரங்களில் ஈ-கால் தூங்கும். கார் எங்கே போகிறது என்று யாரும் பின்தொடராதபடி வலையில் பதிவுசெய்துகொள்ளக்கூட எழாது. நம் நாட்டில் 2019 முதல் புதிதாகப் பதிவாகும் பேருந்து, டாக்சிகளுக்கு இடங்காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆட்டோவுக்கு விலக்கு. அந்தக் கருவிக்குள்ளும் ஒரு சிம் உட்கார்ந்திருக்கிறது. அடுத்தமுறை டாக்சியில் ஏறினால் சிவப்புப் பொத்தானைத் தேடிப்பாருங்கள், அழுத்தாதீர்கள்.

பெல் பொறியாளர்கள் காரையும் போனையும் கட்டிவைத்தபோது ஜாதகத்தில் ஒன்றைப் பார்க்கத் தவறிவிட்டார்கள்: ஆயுள் பொருத்தம். கார் இருபது ஆண்டு ஓடும். செல்லுலார் தலைமுறை ஒன்று அவ்வளவு காலம் நிம்மதியாக வாழ்ந்தால் அதிசயம். கைபேசி என்றால் தூக்கிப் போட்டு வேறு வாங்கலாம். வண்டியின் வயிற்றுக்குள் இருப்பதை என்ன செய்வது? அமெரிக்காவில் 2008 பிப்ரவரி 18-க்குப் பிறகு ஆம்ப்ஸை நடத்த வேண்டிய கட்டாயம் நிறுவனங்களுக்கு இல்லாமல் போனது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய ஆன்ஸ்டார் கார்கள் அதையொட்டி ஊமையாயின. 2022-இல் ஏடி அண்ட் டி தன் மூன்றாம் தலைமுறை வலையை மூடியபோது, பத்து வயதுகூட நிரம்பாத பல கார்களுக்கு மறுபடி அதே கதி. இரண்டாம், மூன்றாம் தலைமுறையை நம்பிச் செய்த ஐரோப்பாவின் ஈ-காலுக்கும் இதே கவலை வந்து, 2026 முதல் வரும் புதிய ரகங்களுக்கு நான்காம், ஐந்தாம் தலைமுறையில் பேசும் கருவி என்று விதியை மாற்றினார்கள். ஏற்கெனவே சாலையில் ஓடும் வண்டிகளின் வயிற்றில் பழையதுதான் இருக்கிறது.

1980களின் கார்களைத் துடைத்துப் பழுதுபார்த்து வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர். சிலர் டிக்கியில் இருந்த போனையும் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். சாவியைத் திருப்பினால் அதன் எண்கள் இன்றும் ஒளிரும். உள்ளே இருக்கும் ரேடியோ தனக்குத் தெரிந்த 21 தடங்களையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கும். எதிலும் யாரும் பேசுவதில்லை. 'சேவை இல்லை' என்ற விளக்கு எரியும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதல் தடத்திலிருந்து தொடங்கும்.